பெரிய ஏஞ்சல் மீன்கள்: கேள்வி-பதில்

கேள்வி: விரல் நீள எம்பரர் ஏஞ்சல் என்னும் கடல்மீன் குஞ்சை 200 லிட்டர் தொட்டியில் விடலாமா?

வேண்டாம். கருநீல உடலில் வெள்ளை வளையங்களோடு அது திரும்பும்போது யாருக்கும் ஆசை வரும். ஆனால் 40 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய மீன் அது. பெரிய தொட்டியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மீன்தான் அவதிப்படும். ஆறடி நீளம், 700 லிட்டருக்குக் குறையாத தண்ணீர், ஒளிந்துகொள்ளப் பாறை இடுக்குகள் எல்லாம் தயாரான பிறகே மீனைத் தேடுங்கள்.

கேள்வி: அந்த வளையங்கள் கலைகின்றன. நோயா?

இல்லை, பருவ மாற்றம். வளையங்கள் மறைந்து மஞ்சள் கோடுகள் வரும். பல மாதங்கள் ஆகலாம். ஒழுங்காக இரை எடுக்கிறது என்றால் கவலை வேண்டாம்.

கேள்வி: வாங்கி நான்கு நாளாகியும் எதையும் தின்னவில்லை.

முதலில் அம்மோனியாவைச் சோதியுங்கள். துளி இருந்தாலும் தண்ணீரை மாற்றுங்கள். செவுள் படபடவென்று அடித்தால் வெல்வெட் போன்ற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மூச்சு சீராக இருந்து, பாறையைக் கொத்திப் பார்க்கிறது என்றால் எனக்கு நம்பிக்கை உண்டு. கடலில் இவை கடற்பஞ்சுகளைக் கொத்தித் தின்பவை. மிதந்து வரும் துகளை இரை என்று அடையாளம் காணவே சில நாள் பிடிக்கும். விளக்கைக் குறைத்து, மட்டியை ஓட்டோடு பிளந்து பாறையடியில் வையுங்கள். மெதுவாக வந்து ஓட்டைச் சுரண்டும். மறுநாள் ஓடு வெறுமையாகக் கிடந்தால் பாதித் தூரம் தாண்டியாயிற்று. பிறகு மைசிஸ் என்னும் குட்டி இறால், நோரி என்னும் காய்ந்த கடற்பாசித் தாள், கடற்பஞ்சு கலந்த உறைந்த உணவு என்று பழக்குங்கள். அடுத்த முறை, கண்ணெதிரே இரை தின்னும் மீனை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: பவளத் தொட்டியில் சேர்க்கலாமா?

நான் சேர்க்கமாட்டேன். சதைப்பற்றுள்ள பவளங்களைக் கொத்திவிடும்.

கேள்வி: தொட்டி மாற்றும்போது மீன் வலையில் மாட்டிக்கொண்டது. என்ன செய்வது?

செவுள்மூடியின் கீழ்ப்பக்கம் பின்னோக்கி நிற்கும் முள்தான் வலையில் சிக்கும். ஏஞ்சல் மீன்களின் அடையாளமான முள் அது. இழுத்தால் முள் ஒடியும், செவுள்மூடியும் கிழியும். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முள்ளைச் சுற்றியுள்ள வலை இழைகளைக் கத்தரியால் வெட்டுங்கள். வலை போனால் போகட்டும். இனிமேல் வலையே வேண்டாம். வாயகன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிதானமாக ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள்.