கேட்டதும் சொன்னதும்: பாட்டுப் படமாக மாறிய பழைய காதல் நகைச்சுவைகள்

1934இல் வெளிவந்த ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ படத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். தந்தையோடு சண்டையிட்டு வீட்டை விட்டு ஓடும் கோடீசுவரர் மகளும், வேலை போன பத்திரிகைக்காரன் ஒருவனும் இரவுப் பேருந்தில் சந்தித்து, வழியெல்லாம் வாதாடி, ஊர் சேர்வதற்குள் காதல் வயப்படும் கதை அது. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: தாங்களே எடுத்து வெற்றி கண்ட காதல் நகைச்சுவைப் படங்களைச் சில ஆண்டுகள் கழித்துக் குறைந்த செலவில் பாட்டுப் படங்களாக ஹாலிவுட் நிறுவனங்கள் மறுபடியும் எடுத்தது ஏன், ஐயா? கதைக்கா பஞ்சம்?
– ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: கதைக்குப் பஞ்சமில்லை, அம்மா; புதுக் கதைக்குக் கொடுக்க வேண்டிய விலையை மிச்சப்படுத்தினார்கள். ஒரு முறை உரிமை வாங்கிய கதை நிறுவனத்தின் அலமாரியிலேயே கிடக்கும். நடிகர், இசையமைப்பாளர், தச்சர் எல்லாரும் ஒப்பந்தச் சம்பளத்தில் இருந்தார்கள். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவர்களுக்குக் கூலி உண்டு. அக்காலத்து அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டியதால், பெரிய படத்தோடு சேர்த்துப் போட ஒரு மணி நேரத்துச் சிறு படங்கள் ஓயாமல் தேவைப்பட்டன. கொலம்பியா நிறுவனம் 1945இல் ‘ஈவ் நியூ ஹெர் ஆப்பிள்ஸ்’ என்ற பெயரில் மேற்சொன்ன கதையையே பாட்டுச் சேர்த்து எடுத்தது இந்தக் கணக்கில்தான். காலணியால் தரையைத் தட்டித் தாளமிடும் தட்டாட்டத்துக்குப் பெயர்பெற்ற ஆன் மில்லரைக் கதாநாயகியாகப் போட்டுவிட்டு, அவரை ஆட விடாமல் பாட மட்டும் வைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்காத சிக்கனம்.

கேள்வி: அப்படிப்பட்ட மறுபடங்கள் மூலப்படத்துக்குக் கிட்டே வராமல் போனதற்குக் காரணம் பணக்குறைவா, பாட்டு மிகுதியா?
– முன்னாள் தோட்டக் கிராணி, லிந்தாங்

பதில்: பணத்தின் மீது பழி போட வழியில்லை. மூலப்படமே மலிவாக எடுக்கப்பட்டதுதான். அன்றைய கொலம்பியா சிறிய நிறுவனம். கதாநாயகன் கிளார்க் கேபிளை எம்ஜிஎம் நிறுவனத்திடமிருந்து இரவலாகத்தான் பெற்றது. ஒரு பேருந்து, வழியோர விடுதி அறை, வைக்கோல் குவியல் என்று இருப்பதை வைத்து ஃபிராங்க் காப்ரா எடுத்த அந்தப் படம், சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்னும் ஐந்து முதன்மை ஆஸ்கார் விருதுகளையும் ஒருசேரப் பெற்றது. மாறாக, 1956இல் அதே நிறுவனம் அதே கதையை அகலத்திரையில், வண்ணத்தில், ஜானி மெர்சரின் பாடல் வரிகளோடு, ஜூன் ஆலிசனையும் ஜாக் லெமனையும் வைத்து மறுபடியும் எடுத்தது. அந்தப் படத்தை இன்று நினைவில் வைத்திருப்பவர் அரியர்.

பாட்டையும் மொத்தமாகக் குற்றம் சொல்ல இயலாது, ஏனெனில் மூலப்படத்திலேயே ஒரு பாட்டுக் காட்சி உண்டு. பேருந்துப் பயணிகள் ஆளுக்கொரு அடியாக ஒரு பழைய வேடிக்கைப் பாட்டைப் பாடுகிறார்கள். ஓட்டுநரும் பாட்டில் லயித்துவிட, வண்டி பள்ளத்தில் இறங்குகிறது. அந்தக் குழப்பத்தில் பசியால் மயங்கிய ஒரு தாயைக் கண்டு, அவள் சிறுவனிடம் நாயகி பணத்தைக் கொடுத்துவிட, காதலர் இருவரும் கையில் காசில்லாமல் நடுவழியில் நிற்கிறார்கள். பாட்டை எடுத்துவிட்டால் கதையே நகராது.

பின்னால் வந்த பல மறுபடங்களில் பாட்டு வேறு வேலை செய்தது. காதல் நகைச்சுவை என்பது இருவரும் தங்கள் மனத்தைத் தாங்களே அறியாமல் சண்டையிட, பார்ப்பவர் மட்டும் அதை முன்கூட்டியே அறிந்து சிரிக்கும் கலை. இருபதாம் நிமிடத்தில் நாயகன் நிலவைப் பார்த்து உருகிப் பாடிவிட்டால் மீதி ஒரு மணி நேரத்துக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? அதற்குப் பின் வரும் சண்டையெல்லாம் வேடமாகிவிடுகிறது. மேலும், பாட்டு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டால் அந்த நான்கு நிமிடமும் வாய்ச்சண்டையிலிருந்துதான் கழிகிறது.

1945 படம் நாயகியை வானொலிப் பாடகி ஆக்கி ஒரு தந்திரம் செய்தது. அவள் பாடுவதற்குக் காரணம் கிடைத்தது. ஆனால் செல்வச் சீமாட்டிக்கும் வெறுங்கைப் பத்திரிகைக்காரனுக்கும் இருந்த இடைவெளி போய்விட்டது. பொருளாதார மந்தத்தில் தவித்த 1934ஆம் ஆண்டு மக்கள் சிரித்தது அந்த இடைவெளியைப் பார்த்துத்தான். இதே தந்திரத்தைச் சிறப்பாகக் கையாண்டது எம்ஜிஎம் 1949இல் எடுத்த ‘இன் த குட் ஓல்ட் சம்மர்டைம்’. முகம் அறியாமல் காதல் கடிதம் எழுதிக்கொள்ளும் இரு கடை ஊழியர்கள் நேரில் எலியும் பூனையுமாக இருக்கும் 1940ஆம் ஆண்டுக் கதையில், புடாபெஸ்ட் நகரத்துத் தோல் பொருள் கடையைச் சிகாகோவின் இசைக் கடையாக மாற்றினார்கள். வாடிக்கையாளருக்குப் பாட்டுத்தாளை விற்கவே ஜூடி கார்லண்ட் பாடுகிறார். மனத்தின் இரகசியம் கடிதத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

கேள்வி: பேருந்துக் கதை நம் பக்கத்துக்கு வந்ததுண்டா?
– வாசகர், கோல கங்சார்

பதில்: வந்தது. கொலம்பியா வண்ணப்படம் எடுத்த அதே 1956இல், சென்னை ஏவிஎம் நிறுவனம் ராஜ் கபூரையும் நர்கிசையும் வைத்து ‘சோரி சோரி’ என்று இந்தியில் எடுத்தது. இசை சங்கர்–ஜெய்கிஷன். 1991இல் மறுபடியும் ஒரு இந்திப் படம் வந்தது. அதிலிருந்து தமிழில் 2000ஆம் ஆண்டு ‘காதல் ரோஜாவே’ வந்தது. இவற்றில் பாட்டு உறுத்துவதில்லை. நம் படங்களில் கனவுப் பாட்டு என்ற வசதி இருக்கிறது. பாத்திரம் வாய்விட்டு ஒப்புக்கொள்ளாததைக் கனவில் பாடிவிட்டு, விழித்ததும் பழையபடி சண்டைக்குப் போகலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஹாலிவுட் இதை இன்னும் தாராளமாகக் கையாண்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் தோட்ட இளைஞர் மன்றத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். கையில் 2,000 வெள்ளி உள்ளது. இந்தக் கதையைப் பாட்டு நாடகமாக மண்டபத்தில் போட விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது, ஐயா?
– மன்றச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பழைய நெடுஞ்சாலையில் ஓடும் இரவுப் பேருந்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போ, கம்பார், தாப்பா, சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று ஊர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. நடத்துநர் ஊர்ப்பெயரைக் கூவினால் காட்சி மாறிவிட்டது என்று அர்த்தம், திரைச்சீலைச் செலவு இல்லை. மண்டபத்து நாற்காலிகளே பேருந்து. மூலக்கதையில் விடுதி அறையில் இரு கட்டில்களுக்கு நடுவே கயிறு கட்டிப் போர்வை தொங்கவிடுவார்கள்; உங்களுக்கு இரண்டு கைலி போதும். பணத்தை ஒலி அமைப்புக்குச் செலவிடுங்கள், ஏனென்றால் வசனம் பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் இவ்வகை நாடகம் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

பாட்டு நான்குக்கு மேல் வேண்டாம். முதல் பாட்டை உறுமி மேளத்தோடு பேருந்துக்குள் வையுங்கள். மேளம் வைத்திருக்கும் பயணி ஒருவர் இருந்தால் அதற்குக் காரணமும் தானாகக் கிடைத்துவிடும். நாயகனும் நாயகியும் சேர்ந்து பாடும் ஒரே பாட்டு, ஒருவரை ஒருவர் திட்டும் எசப்பாட்டாக இருக்கட்டும். கைலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருவன் என்று தனித்தனியாகப் பாடும் பாட்டைக் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

சினிமா மெட்டை எடுத்துச் சொல்லை மாற்றும் பழக்கம் நம் தோட்டத்து மேடைகளில் உண்டு. அதைத் தவிர்த்து மன்றத்தினரே மெட்டமையுங்கள். நம் மலேசிய நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கதைக் கருவைத் தடுப்பதில்லை. எழுதப்பட்ட வசனத்துக்கும் பாட்டுக்கும்தான் காவல் நிற்கிறது. கொலம்பியாவே இந்தச் சிக்கலில் மாட்டியதுண்டு. தன்னிடம் இருந்த ‘மை சிஸ்டர் ஐலீன்’ கதை மேடையில் வேறொருவர் கையில் வெற்றிகரமான பாட்டு நாடகமாகிவிட, அந்தப் பாட்டுகளின் உரிமைக்குக் கேட்ட விலை கட்டாமல், 1955இல் புதுப் பாட்டுகள் எழுதிப் படமெடுத்தது. உங்கள் பாட்டுகள் தயாரானதும் ஒரு படி அனுப்புங்கள். எசப்பாட்டை மட்டுமாவது இந்தப் பக்கத்தில் வெளியிட ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.