கன்வெர்டர் தானாகச் சாவதில்லை

(வீட்டிலேயே வண்டி வேலை பார்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு நமது மெக்கானிக் பதில் சொல்கிறார்)

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்று காட்டுகிறது. கேட்டலிடிக் கன்வெர்டர் போய்விட்டது என்கிறார்கள். நானே வாங்கி மாட்டிவிடலாமா?

மாட்டலாம். ஆனால் இப்போதே வேண்டாம்.

புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டிதான் கன்வெர்டர். பி0420 என்ற அந்தப் பிழைக் குறியீடு 'கன்வெர்டரை மாற்று' என்று சொல்லவில்லை. கன்வெர்டர் செய்ய வேண்டிய அளவுக்கு வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சந்தேகம், அவ்வளவுதான். கன்வெர்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்கள் இருக்கின்றன. பழைய வகை சென்சார் என்றால் முன்னால் இருப்பது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்டர் நன்றாக இருந்தால் பின்னால் இருப்பது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால் விளக்கு எரியும். புகைக்குழாயில் ஓர் ஓட்டை இருந்து காற்று உள்ளே போனாலும் அதே ஆட்டம் வரலாம். அதனால் முதலில் கசிவைத் தேடுங்கள்.

கசிவு இல்லை, கன்வெர்டர்தான் போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது ஏன் போனது? உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. தேய்ந்துபோக அதில் எதுவும் இல்லை என்பதால் பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றுதான் அதைக் கொல்கிறது. ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டால், அந்த எரியாத பெட்ரோல் கன்வெர்டருக்குள் போய் அங்கே எரியும். நான் கழற்றிப் பார்த்த ஒன்றில் பீங்கான் உருகி ஒரு பக்கமாக வழிந்து, பாதித் துளைகள் கண்ணாடி போல மூடிக் கிடந்தன. அந்த வண்டியில் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் ஒரு இக்னிஷன் காயில் வெகுநாளாகச் சரியில்லை. இன்ஜின் ஆயில் குடிக்கிற வண்டியில் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின்மேல் படிந்து அதை மூடிவிடும். இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் வழியாகக் கூலன்ட் கசிந்தாலும் கெடுதல்தான்.

ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் ஆயிலில் ஊறியிருக்கிறதா, பெட்ரோல் ஈரமாக இருக்கிறதா? அதைச் சரிசெய்யாமல் புது கன்வெர்டர் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

கேள்வி: பிக்கப் சுத்தமாக இல்லை. மேட்டில் ஏறவே திணறுகிறது. கன்வெர்டர் அடைத்துக்கொண்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜின் ஆறியிருக்கும்போது முன் சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பாருங்கள். 2500 ஆர்பிஎம்மில் சுமார் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அந்தத் துளைக்குப் பின்னால், புகை வெளியேறும் வழியில் எங்கோ அடைப்பு. கன்வெர்டரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பீங்கான் உடைந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மானிகூடத் தேவையில்லை.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம். சூடானதும் போய்விடுகிறது. டேப்பட் சத்தமா?

வால்வைத் திறக்க உதவும் டேப்பட்டாகவும் இருக்கலாம். ஆனால் சூடானதும் அடங்குகிறது என்றால் இன்ஜினிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வார்ப்பிரும்பில் விழுந்த விரிசல் சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும், அதோடு சத்தமும் அடங்கும். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் மெல்லிய கரிக்கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் கேஸ்கட் ஊதுகிறது, அதாவது அந்த இடுக்கில் புகை கசிகிறது.

சத்தம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த விரிசல் வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். முன் சென்சார் 'பெட்ரோல் போதவில்லை' என்று நினைக்கும், கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறையும், கன்வெர்டரும் தேவையில்லாமல் சூடாகும். முதல் கேள்வி கேட்டவர் இதையும் படித்துக்கொள்ளவும்.

கேள்வி: மேனிஃபோல்டும் கன்வெர்டரும் ஒரே துண்டாக வரும் வண்டி. கழற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

ஸ்டட்டில், அதாவது மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கும் மரைபோட்ட கம்பியில். வேலையில் பாதி நேரம் அங்கேதான் போகும்.

பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள், இதில் பேரம் கிடையாது. துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே ஆறிய இன்ஜினில் எல்லா நட்டிலும் அடித்து ஊறவிடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு ஆறு முனை சாக்கெட்டை எடுங்கள். துருப்பிடித்த நட்டின் மூலைகளை உருட்டிவிடுவது பன்னிரண்டு முனைதான். நட்டை முதலில் மயிரிழை இறுக்கி, 'டக்' என்று துரு விட்டதும் தளர்த்துங்கள். மறுபடி இறுகினால் முரட்டுத்தனம் காட்டாமல், கொஞ்சம் எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுக்கவும்.

ஸ்டட் ஹெட்டின் மட்டத்தோடு உடைந்துவிட்டதா? ஹெட் அலுமினியமாக இருந்தால் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். டிரில் பிட் கடினமான ஸ்டட்டில் வழுக்கி, பக்கத்தில் இருக்கும் மெத்தென்ற அலுமினியத்தைக் குடைந்துவிடும். மரை போனபின் செலவு எங்கேயோ போய்விடும். உடைந்த முனையில் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருகி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டில் பார்க்கும் வேலையில் நான் கோடு போடுவது இந்த இடத்தில்தான்.

மாட்டும்போது ஸ்டட், நட், கேஸ்கட் எல்லாம் புதிது. பழைய கேஸ்கட்டின் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மறுபடி ஊதும், சுரண்டிச் சுத்தம் செய்யவும். எல்லா இணைப்புகளையும் முதலில் விரலால் மட்டும் மாட்டிவிட்டு, பிறகு நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஒரு முனையை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மேனிஃபோல்ட் முறுக்கிக்கொண்டு நிற்கும், அடுத்த விரிசலுக்கு அதுவே போதும். எவ்வளவு டார்க், அதாவது எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒவ்வொரு அளவு, என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: உள்ளே இருக்கும் பீங்கானை இடித்து எடுத்துவிட்டால் பிக்கப் கூடுமாமே?

வேண்டாம். விளக்கு அணையாது, நாற்றம் போகாது, பல நாடுகளில் சட்டப்படி குற்றம். இடிக்கும்போது பறக்கும் தூசி உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும்.

கேள்வி: புதிது மாட்டி ஸ்டார்ட் செய்ததும் புகையும் நெடியும் வந்தது. பயந்து அணைத்துவிட்டேன். சரியா?

அணைத்ததில் தப்பில்லை. ஆனால் பெரும்பாலும் அது புது உலோகத்தில் இருக்கும் எண்ணெய்ப் பூச்சும் உங்கள் கைக்கறையும் எரிவதுதான், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது வண்டியை வெளியே நிறுத்திச் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. புகை நின்ற பிறகும் கன்வெர்டர் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தால் உடனே அணைத்துவிட்டு, எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று தேடுங்கள். பழைய கன்வெர்டரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் உலோகங்களுக்காகவே அதை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.