குழாயின் மூடி என்ன நிறம்?

வணக்கம் சார். எனக்கு வயது 46. எம்.ஆர்.ஏ. என்ற ரத்தக்குழாய் ஸ்கேனில் மூளையின் நடுத் தமனி கிளை பிரியும் இடத்தில் 4 மி.மீ. அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவர் பலூன் போல் வீங்குவது) இருப்பது தெரிந்தது. டாக்டர் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார். எம்.எம்.பி.-9 என்ற என்சைம் ரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கிறது என்று படித்து, நானே லேபில் டெஸ்ட் எடுத்தேன். அளவு அதிகம். ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அதை அடக்குமாமே, தொடங்கலாமா? பூண்டு உதவுமா? சிகரெட் நாளைக்கு நாலைந்துதான்.
செ.

அன்புள்ள செ.,

தலைக்குள் இப்படி ஒன்று இருப்பது தெரிந்தபின் தூக்கம் கெடத்தான் செய்யும். பயப்படாதீர்கள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக மாட்டேன். ஆனால் ரிப்போர்ட்டில் ‘சீரம்’ (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) என்றிருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா?

எம்.எம்.பி.-9 நியூட்ரோஃபில் வெள்ளணுக்களுக்குள் தயாராகச் சேமிக்கப்பட்டிருக்கும். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறையும்போது அந்த அணுக்கள் அதை வெளியே கொட்டிவிடும். எவ்வளவு நேரம் உறையவிட்டார்கள் என்பதைப் பொறுத்து எண்ணும் மாறும். ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் போட்ட ஊதா மூடிக் குழாயிலும் தொல்லை உண்டு. இந்த என்சைமுக்குத் துத்தநாகமும் கால்சியமும் வேண்டும், ஈ.டி.டி.ஏ. இரண்டையும் பிடித்துக்கொள்வதால், செயல்பாட்டை அளந்தால் தப்பாகக் காட்டும். நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுத்து, தாமதிக்காமல் சுழற்றி, உறையாத ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஈறு வீங்கியிருந்தால்கூட அளவு ஏறும். இந்த எண்ணை வைத்துக்கொண்டா இத்தனை நாள் கலங்கினீர்கள்?

அரிப்பு நடப்பது தமனிச் சுவரில், சில மில்லிமீட்டர் பரப்பில். மண்டைக்குள் ஓடும் தமனிகளுக்கு வெளி எலாஸ்டிக் (மீள்தன்மை) படலம் கிடையாது, உள்படலத்தை நம்பித்தான் நிற்கின்றன. கிளை பிரியும் முனையில் ரத்தம் மோதி மோதி உட்சுவர் செல்கள் நோகும். மாக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் உள்ளே புகுந்து எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 இரண்டையும் சுரக்கும். சுவரைத் தாங்கும் எலாஸ்டின், கொலாஜன் இழைகள் அறுபடும். ‘டிம்ப்’ என்ற புரதம் ஒன்றுக்கு ஒன்றாக ஒட்டி இவற்றை அடக்கும்; அது போதாமல் போனால் சுவர் மெலியும். அந்தக் கணக்கு முழங்கையில் எடுத்த ரத்தத்தில் தெரியாது.

நாலைந்துதான் என்று எழுத எப்படி மனசு வந்தது? அந்த என்சைமைச் சுரக்கும் அணுக்களைச் சுவருக்கு வரவழைப்பதே புகைதான். மாத்திரையால் அடக்கப் பார்ப்பதும் நீங்கள், தினம் நாலைந்து தடவை அழைப்பதும் நீங்கள்! இன்றைக்கே நிறுத்துங்கள். வீட்டில் பிபி பார்த்து நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

பூண்டை ரசத்தில் போடுங்கள்.

டாக்சிசைக்ளின் வேண்டாம். 2009-இல் எலிகளில் அனியூரிசம் உருவாவதை அது குறைத்தது உண்மை. ஆனால் வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் உள்ள சுமார் 250 பேருக்கு 100 மி.கி. வீதம் தினம் இருவேளை, இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்ததில் வளர்ச்சி குறையவில்லை. அது 2020-இல் வெளிவந்த முடிவு. மூளைக்கு அந்த அளவு சோதனைகூட இல்லை.

திடீரென்று இடி விழுந்த மாதிரி தலைவலி வந்தால் மட்டும் யாருக்கும் கடிதம் எழுதாமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். அடுத்த எம்.ஆர்.ஏ.வை முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள். மெஷின் மாறினாலே அரை மில்லிமீட்டர் கூடக் குறையக் காட்டும், அதற்கும் ஒரு கடிதம் வரும்.