படியில் தொங்கும் பையன்களைப் படமெடுக்கும் மகளுக்கும், அவள் அம்மாவுக்கும்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்தேன். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் கேமராவைத் தொடாமல் தியரி புத்தகமும் கையுமாக இருக்கிறாள் என்கிறீர்கள். இறுதியாண்டுக் குறும்படத்துக்கு, சென்னை மாநகரப் பேருந்தில் படியில் தொங்கிக்கொண்டு வரும் கல்லூரி மாணவர்களை எடுக்கப்போகிறாள், அது வம்பில் போய் முடியுமோ என்று பயப்படுகிறீர்கள். கடைசியாக, இதையெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தியரி பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். கேமராவை இயக்குவதும் எடிட்டிங் மென்பொருளும் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். மூன்று வருடம் கல்லூரியில் படித்த பெண்ணுக்கு அதற்கு மேல் ஒன்று வேண்டும். 'இந்தக் காட்சியை ஏன் இங்கிருந்து எடுத்தாய், ஏன் இவரைப் பேச வைத்தாய், ஏன் அவரைப் பேச வைக்கவில்லை' என்று யாராவது கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பதிலைத்தான் அவள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் பல மாணவர்கள் செய்வதைப்போலப் படத்தை முதலில் எடுத்து முடித்துவிட்டு, பிறகு படத்தோடு தரும் அறிக்கையில் நாலு அறிஞர் பெயரைச் சேர்ப்பதாக இருந்தால் உங்கள் கவலை நியாயம்தான். தியரி படப்பிடிப்புக்கு முன்னால் வர வேண்டும். இனி மகளிடமே பேசுகிறேன்.

நீ எடுத்திருப்பது நல்ல விஷயம், கடினமான விஷயமும்கூட. 'ரூட்டு தல' என்றால் சென்னையில் தெரியாதவர் குறைவு. ஒரே வழித்தடத்தில் வரும் மாணவர்கள் தங்களுக்குள் ஒருவனைத் தலையாக வைத்துக்கொள்வார்கள். பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக் கானா பாடுவார்கள், தடையை மீறி, தங்கள் பஸ்ஸுக்கென்று ஒரு நாள் வைத்து 'பஸ் டே' கொண்டாடுவார்கள், வேறு கல்லூரியின் ரூட்டோடு மோதுவார்கள். 2019 ஜூனில், பஸ் கூரை மேல் உட்கார்ந்து வந்த மாணவர்கள் ஒரு பிரேக்கில் கொத்தாகச் சரிந்து விழுந்த காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. உன் படத்தைப் பார்க்க உட்காரும் ஒவ்வொருவர் மனதிலும் அந்தக் காணொளி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நீ வெறும் காகிதத்தில் எழுதத் தொடங்கவில்லை என்பதை முதலில் மனதில் வை.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ரூட்டு மாணவர்கள் பற்றி வந்த செய்திகளை, நாளிதழிலும் டிவியிலும், கிடைக்கிற அளவு சேகரி. ஒவ்வொன்றிலும் யார் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள். போலீஸ் அதிகாரியா, பயணியா, கல்லூரி முதல்வரா? மாணவன் எங்காவது பேசுகிறானா, அல்லது மன்னிப்புக் கேட்கும் வீடியோவில் மட்டும்தான் அவன் குரல் கேட்கிறதா? 'அட்டகாசம்', 'ரகளை', 'அராஜகம்' என்ற சொற்கள் எத்தனை தடவை வருகின்றன? அப்புறம் மிக முக்கியமானது: அந்தப் படத்தை எடுத்த கேமரா எங்கே இருந்தது? பஸ்ஸுக்குப் பின்னால் வந்த காரிலோ பைக்கிலோ இருந்த யாரோ ஒருவரின் போனாக அது இருக்கும் தடவைகளை எண்ணிப் பார். பின்னால் இருந்து பார்த்தால் தொங்கும் கால்கள் தெரியும், முதுகு தெரியும், பை தெரியும். முகம் தெரியாது. பஸ்ஸுக்குள் எவ்வளவு கூட்டம் என்பதும் தெரியாது.

இந்த இடத்தில்தான் சமூகவியல் அறிஞர் ஸ்டான்லி கோஹன் உனக்கு உதவுவார். 1964 ஈஸ்டர் விடுமுறையில், இங்கிலாந்தில் க்ளாக்டன் என்ற கடற்கரை ஊருக்கு மாட்ஸ், ராக்கர்ஸ் என்று சொல்லப்பட்ட இரண்டு எதிரெதிர்க் கூட்டத்து இளைஞர்கள் போனார்கள். குளிரும் மழையும், பொழுதைக் கழிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லாத ஊர். கொஞ்சம் கைகலப்பு நடந்தது, சில கண்ணாடிகள் உடைந்தன. பத்திரிகைகளோ ஊரே சூறையாடப்பட்டதுபோல் எழுதின. அதற்கப்புறம் போலீஸும் நீதிமன்றமும் கடுமையாக நடந்துகொண்டன. அடுத்தடுத்த விடுமுறைகளில், பத்திரிகைகள் எழுதிவைத்த வேடத்தைப் போட்டுக்கொள்ளவும் பார்க்கவும் இளைஞர்கள் கடற்கரைகளுக்கு வந்தார்கள். இதை ஆராய்ந்து கோஹன் 1972-இல் புத்தகம் எழுதினார். உன் பாடத்தில் வரும் 'மாரல் பேனிக்' (ஒரு கூட்டத்தைக் கண்டு சமூகம் அளவுக்கு மீறிப் பீதியடைவது), 'ஃபோக் டெவில்' (அப்படிப் பூதமாகக் காட்டப்படும் ஆட்கள்) இரண்டும் அந்தப் புத்தகத்தால்தான் பரவலாயின.

இதைப் படித்ததும், 'பையன்கள் ஒன்றுமே செய்யவில்லை, எல்லாம் ஊடகத்தின் வேலை' என்று எழுதிவிடாதே. கோஹன் அப்படிச் சொல்லவில்லை. சம்பவம் நடந்தது, அதன் அளவும் அர்த்தமும் ஊதப்பட்டன என்றுதான் சொன்னார். சென்னையில் மாணவர் மோதல்களில் உயிர் போயிருக்கிறது. பட்டாக்கத்தியோடு பிடிபட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் பிள்ளை திரும்பி வரவில்லை. அதை மறைத்து எடுக்கும் படம், செய்திச் சேனல் செய்யும் தவறையே தலைகீழாகச் செய்கிறது. 'ரவுடி மாணவன்' எப்படி ஒரு வார்ப்போ, அதேபோல 'பாவம், ஏழைப் பையன்' என்பதும் ஒரு வார்ப்புதான். இரண்டிலும் அந்தப் பையன் யார் என்று தெரிவதில்லை.

கோஹனோடு நீ வாதாடவும் முடியும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதற்கு மதிப்பு உண்டு. 1964-இல் மாட்ஸ் பையன்களிடம் பத்திரிகை கிடையாது. உன் ரூட்டுப் பையன்களிடம் இன்ஸ்டாகிராம் இருக்கிறது. தங்கள் படத்தைத் தாங்களே எடுத்து, பாட்டுப் போட்டு, ரீல்ஸாக ஏற்றுகிறார்கள். அதையே எடுத்துச் செய்திச் சேனலும் போடுகிறது, போலீஸும் விசாரிக்கிறது. அப்படியானால் பீதியை யார் உற்பத்தி செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு 1972 புத்தகத்தில் நேரான பதில் இல்லை. நீ யோசித்து எழுது. உன் அறிக்கையில் இதற்காக எழுதும் இரண்டு பக்கம்தான் உயிரானதாக இருக்கும்.

சித்தரிப்பு என்றால், பர்மிங்ஹாமில் பணியாற்றிய பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலைப் படிக்காமல் முடியாது. ஊடகம் உலகத்தை அப்படியே காட்டுவதில்லை, காட்டும்போதே அதற்கு ஓர் அர்த்தத்தைக் கட்டுகிறது என்பது அவர் வாதத்தின் அடிப்படை. இதற்கு உதாரணம் தேடி நீ பர்மிங்ஹாம் போக வேண்டாம். செய்தியில் குற்றவாளியாகவே வரும் ரூட்டு தல, 2012-இல் பா. இரஞ்சித்தின் முதல் படமான 'அட்டகத்தி'யில் காதலில் தோற்று, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் பஸ் பிடிக்கும் ஒரு பையனாக வருகிறான். அதே படி, அதே பஸ். ஆனால் கேமரா அவனோடு அவன் வீடு வரைக்கும் போகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை நீ சரியாகப் பிடித்தால் போதும், ஹாலின் பாதி உனக்குப் புரிந்த மாதிரி.

சரி, வீடு வரைக்கும் போனால் என்ன தெரியும்? வியாசர்பாடியிலிருந்தோ திருவள்ளூர்ப் பக்கமிருந்தோ அரசுக் கல்லூரிக்கு வரும் பையன்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். கையில் இலவச பஸ் பாஸ். காலை எட்டு மணிக்கு நிறுத்தத்தில் போய் நில், அந்த வழித்தடத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் வருகிறது, ஏறும்போது உள்ளே இடம் இருக்கிறதா என்று பார். இடம் இல்லாமல் தொங்குகிறவனும், இடம் இருந்தும் தொங்குகிறவனும் வேறு வேறு ஆட்கள். செய்தியில் இருவரும் ஒன்று. உன் படத்தில் பிரிந்து தெரிய வேண்டும். ஓட்டுநரையும் நடத்துநரையும் விட்டுவிடாதே. ஒருவன் விழுந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

இன்னொரு கேள்வி, இதை நீ ஒரு பெண் என்பதாலேயே கேட்கிறேன். படியில் நடக்கும் சாகசம் யார் பார்க்க நடக்கிறது? திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல் எழுதிய கட்டுரை, சினிமாவில் ஆண் பார்க்கிறவனாகவும் பெண் பார்க்கப்படுகிறவளாகவும் இருப்பதைப் பேசுகிறது. உன் பஸ்ஸில் இது கொஞ்சம் புரண்டு கிடக்கிறது. பையன் தன்னைக் காட்டிக்கொள்கிறான், உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் பார்வையாளர்களாக ஆக்கப்படுகிறார்கள், அவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். அவர்களில் சிலர் ரசிக்கலாம், சிலர் வேலைக்கு நேரமாகிறதே என்று எரிச்சலில் இருக்கலாம், சிலர் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு, அந்த பஸ்களில் வரும் பெண்களிடம் பேச நிறைய இருக்கிறது. ரூட்டு தல பற்றிய செய்திகளில் அவர்கள் குரல் எவ்வளவு கேட்கிறது என்று உன் சேகரிப்பில் பார்த்துக்கொள். என்னைக் கேட்டால், உன் கேமராவை அந்த ஜன்னல் சீட்டில் வை என்பேன். பின்னால் வரும் கார் பார்க்க முடியாததை அந்த இடம் பார்க்கும், நீயும் தினம் உட்காருகிற இடம் அதுதான்.

நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்த ப்ராப்பின் கதாபாத்திர வகைகள், உபகலாச்சாரக் கோட்பாடு எல்லாவற்றையும் இதில் திணிக்காதே. கோஹன், ஹால், மல்வி மூவரே இந்தப் படத்துக்கு அதிகம். இரண்டு பேரை நன்றாகப் பயன்படுத்தினால் போதும்.

இப்போது அம்மா பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். யாரையும் கேமராவுக்காகத் தொங்கச் சொல்லாதே. சொல்லாவிட்டாலும், கேமராவைக் கண்டதும் ஒருவன் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்வான். அப்படி நடந்தால் அந்த நிமிடமே கேமராவை அணைத்துவிடு. க்ளாக்டனில் பத்திரிகைகள் செய்ததை உன் போன் செய்யக் கூடாது. பஸ்ஸுக்குள் படமெடுக்கத் துறைத்தலைவரின் கடிதத்தோடு மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் அனுமதி கேள். கிடைக்கவில்லை என்றால் நிறுத்தத்திலும் வீடுகளிலும் பேட்டிகளை எடுத்து, பயணத்தை ஒலியாக மட்டும் பயன்படுத்து. அப்படியும் நல்ல படம் வரும்.

பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட ஒருவன் ஏதாவது வழக்கில் சம்பந்தப்பட்டிருந்தால், அவன் பெயர், முகம், பள்ளி, முகவரி என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாணவர் படம் என்பதற்காக விலக்கு கிடையாது. வழக்கு எதுவும் இல்லாத சிறுவனாக இருந்தாலும், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் முகத்தைக் காட்டாதே. பெரிய பையன்களிடமும் சம்மதம் வாங்கு. இன்றைக்குச் சிரித்துக்கொண்டே பேசும் ஒருவன், நாளை போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உன் படம் யூடியூபில் இருக்கும் என்பதை நீயே அவனிடம் சொல்ல வேண்டும்.

அம்மா, பகலில், குழுவாக, கல்லூரி அடையாள அட்டையோடு போனால் இதில் பெரிய ஆபத்து இல்லை. மோதல் நடந்த மறுநாள் மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராகச் சேரப் போனால் மல்வியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே ஆரம்பத்தில் சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. வீட்டில் ஒன்றிரண்டு வருடம் தாங்க முடிந்தால் மட்டுமே அந்த வழி. ஆனால் வேறு வழிகள் உண்டு, அவற்றில் தியரி நேரடியாகப் பயன்படும். மும்பை டிஸ்ஸில் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) ஊடகமும் பண்பாட்டு ஆய்வும் முதுகலைப் படிப்பு, டெல்லி ஜாமியா பல்கலைக்கழகத்தின் மாஸ் கம்யூனிகேஷன் முதுகலை, புனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தா சத்யஜித் ரே திரைப்படக் கல்லூரி இவையெல்லாம் பட்டப்படிப்பு முடித்தவர்கள் முயலக்கூடியவை. ஆசிரியப் பணியில் விருப்பம் இருந்தால், முதுகலைக்குப் பிறகு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யூஜிசி நெட் தேர்வில் மாஸ் கம்யூனிகேஷன் தனிப் பாடமாக இருக்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கு ஆவணப்படம் எடுப்பது, விளம்பர நிறுவனங்களில் பார்வையாளர் ஆய்வு, ஓடிடி தளங்களுக்குக் கதை படித்துக் கருத்து எழுதுவது என்று வேறு வேலைகளும் உள்ளன. என் யோசனை, பட்டம் முடித்ததும் ஒரு வருடம் எங்காவது வேலை பார்க்கட்டும், பக்கத்திலேயே நுழைவுத் தேர்வுக்குத் தயாராகட்டும். எந்தப் பக்கம் மனம் போகிறது என்று அந்த ஒரு வருடத்தில் தெரிந்துவிடும்.

படத்தை அனுப்ப இடம் தேடினால், திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவைப் பாருங்கள். மலையாளப் படமாக இருக்க வேண்டியதில்லை.

மகளே, கடைசியாக ஒரு வேலை. முதல் வெட்டு (முதலில் எடிட் செய்த வடிவம்) தயாரானதும் யூடியூபில் ஏற்றிவிடாதே. மூன்று இடங்களில் போட்டுக் காட்டு: படத்தில் வரும் பையன்களுக்கு, ஒரு நடத்துநருக்கு, உன் அம்மாவின் வயதில் தினம் அந்த பஸ்ஸில் போகும் ஒரு பெண்ணுக்கு. பேசாமல் கேள், அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள். ஹால் 1973-இல் சொன்ன மூன்று வாசிப்புகள், அதாவது சொன்னதை அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி மறுப்பது, முழுதாக எதிர்ப்பது, உனக்கு நேரிலேயே கிடைக்கும். எந்த வாசிப்பு யாரிடமிருந்து வரும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதிவை, பிறகு ஒப்பிட்டுப் பார். எந்த இடத்தில் பையன்கள் சிரித்தார்கள், அதே இடத்தில் அந்தப் பெண் சிரித்தாரா என்று கவனி. இருவரும் பிரிகிற இடத்துக்குத் திரும்பிப் போ, அங்கே எடிட்டை மாற்ற வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா என்று முடிவு எடு. அந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் அறிக்கையில் ஒரு பக்கம் எழுது. வைவாவுக்குப் போகும்போது முதல் வெட்டையும் இறுதி வெட்டையும் ஒரே பென்டிரைவில் போட்டு எடுத்துப் போ.