கூட்டாளிக்குப் பத்து, ஆகாதவனுக்கு இரண்டு

வணக்கம் டீச்சர். காரைக்குடிப் பக்கம் உங்கள் மூன்றாம் வகுப்பில் நோட்டை மாற்றித் திருத்தச் சொன்னால் கூட்டாளிக்குப் பத்து, ஆகாதவனுக்கு இரண்டு போடுகிறார்கள், குழு வேலையில் ஒருத்தியே எழுதுகிறாள் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் மதிப்பெண்ணைத் தூக்கிவிடுங்கள். எட்டு வயதில் அந்த அதிகாரம் கையில் வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்! முற்றுப்புள்ளி இருக்கிறதா, ல-ள-ழ சரியா, இந்த இரண்டு மட்டும் பார்க்கட்டும். பிடித்த வரிக்குக் கீழே கோடு, திருத்த வேண்டிய ஓரிடத்தில் பென்சில் வட்டம். சிவப்பு மை வேண்டவே வேண்டாம். முதல் வாரம் பெயர் சொல்லாமல் ஒரு பத்தியைப் பலகையில் எழுதி எல்லோருமாகத் திருத்துங்கள். அதைச் செய்யாமல் நேரே நோட்டைக் கொடுத்துத்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

குழுவுக்கு ஜிக்சா முறை. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது எழுந்த சண்டையைத் தணிக்க 1971-இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் கொண்டுவந்தது. ஆளுக்குப் பாடத்தில் ஒரு துண்டு. ஒவ்வொருவரும் தன் துண்டைச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பாடம் முழுசாகும். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலையில் இருக்கும் பிள்ளைகளையும் கலந்தே உட்கார வையுங்கள்.

நான் 'நம்ம ஊர் வீடு' என்று வைத்தேன். முகப்பு ஒருவருக்கு, வளவு என்கிற உள்முற்றம் ஒருவருக்கு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஒருவருக்கு. கல் கிடைத்த பையன் வாயே திறக்காதவன். அவன் அப்பாவுக்கு அந்த வேலைதான். கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றுவதை அவன் கையாலேயே காட்டிச் சொன்னான், மணியடித்தும் நிறுத்தவில்லை.