கெமிஸ்ட்ரியை விடுவதற்கு முன்

அக்கா, மகள் கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டுக் கணக்கியலுக்கு மாறட்டுமா என்று கேட்டீர்கள். அவளுடைய பரீட்சைத் தாளைப் பொறுமையாகப் பார்த்தேன். விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பருப்பொருள் பகுதியில் குறை ஒன்றுமில்லை. பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பநிலை ஏன் ஏறாமல் நிற்கிறது என்பதைக்கூட அழகாக எழுதியிருக்கிறாள். சறுக்கியது கரைசலில். 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து 250 கன செ.மீ. கரைசலாக்கினால் செறிவு என்ன, அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு)? 4-ஐ ஒரு மோலின் எடையான 40 கிராமால் வகுத்து 0.1 மோல் என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதை அப்படியே 250-ஆல் வகுத்துவிட்டாள். 250 கன செ.மீ. என்பது கால் லிட்டர். கால் லிட்டரில் 0.1 மோல் இருந்தால் ஒரு லிட்டருக்கு 0.4 மோல். அவளுக்கு வந்த விடை 0.0004! அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தாளில் மூன்று இடங்களில் இதே தவறு. எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதும் பழக்கம் இல்லாததால் வந்த வினை.

இன்னொன்று, மொழி. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் அறிவியலைத் தமிழில் படித்தவள், ‘பெர்லெபிஹான்’ என்ற மலாய்ச் சொல்லைக் கண்டதும் நின்றுவிட்டாள். மெக்னீசியத்தை அமிலத்தில் போட்டால் எவ்வளவு ஹைட்ரஜன் வாயு வரும் என்பது கேள்வி. அமிலம் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். அப்படியானால் மெக்னீசியத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். 2.4 கிராம் மெக்னீசியம் 0.1 மோல். சமன்பாட்டின்படி அதே 0.1 மோல் ஹைட்ரஜன் வரும். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர், ஆகவே விடை 2.4 லிட்டர். இப்படிப்பட்ட மலாய்ச் சொற்களுக்குத் தனியாக ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள்.

ஈப்போவில் டியூஷன் இப்போதைக்கு வேண்டாம். சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் வீட்டிலேயே நான்கு கணக்குப் போடலாம்.

பாட்டி பால்மரம் வெட்டியவர்தானே, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்? ரப்பர் பால் உறைவதற்கு ஊற்றும் பார்மிக் அமிலத்தில் ஏன் தண்ணீர் கலந்தார்கள் என்று அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவளுடைய பாடமும் அதுதான். லிட்டருக்கு 2 மோல் செறிவுள்ள அமிலத்தில் 25 கன செ.மீ. எடுத்து, தண்ணீர் விட்டு 250 ஆக்கினால் செறிவு 0.2 ஆகிவிடும். உள்ளே இருக்கும் அமிலத்தின் மோல் மாறுவதில்லை, கன அளவுதான் பத்து மடங்காகிறது. அமிலம் பட்டதும் ரப்பர் பால் ஏன் கட்டியாகிறது என்பதும் இடைநிலைப் பள்ளியின் பாரம் 5-இல் பாடமாகவே வரும்.

கணக்கியல் நல்ல படிப்புதான். அவள் ஆசைப்பட்டுக் கேட்டால் நானே மாற்றிவிடச் சொல்வேன். ஆனால் மருந்தகத் துறைக்குப் போக வேண்டும் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாள்? கெமிஸ்ட்ரி இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது.

அடுத்த சோதனைத் தாள் கைக்கு வந்ததும் எடுத்து வாருங்கள். அவளும் கூட வரட்டும். போன முறை முழுக்க நீங்கள்தான் பேசினீர்கள்.