கூடுதல் கணிதத்தில் ‘டி’ எடுத்த தங்கைக்கு இயந்திரவியல் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் மலேசியாவில் பட்டத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனை நம்ப வேண்டாம். போலிடெக்னிக் டிப்ளோமா பக்கம் போங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து பக்கத்திலேயே, ஈப்போவில், உங்கு ஓமார் போலிடெக்னிக் இருக்கிறது.

அரசு உயர்கல்வி இடங்களுக்கான பொது விண்ணப்பமான யூ.பி.யூ.வில் தங்கைக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்கிறீர்கள். அதற்கு நீங்கள் கொடுத்த படிப்புப் பட்டியல்தான் காரணமாக இருக்கும். கூடுதல் கணிதத்தில் ‘சி’ கேட்கும் அசாசி (பட்டத்துக்கு முந்தைய அடித்தள) படிப்புகளையே மேலிருந்து கீழ்வரை நிரப்பியிருக்கலாம்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிப்பின் ‘ஷாராட் காஸ்’ (சிறப்புத் தகுதிகள்) பகுதியையும் வரி வரியாகப் பாருங்கள். பல பொறியியல் டிப்ளோமாக்களுக்குச் சாதாரணக் கணிதத்தில் கிரெடிட் (‘சி’ அல்லது அதற்கு மேல்) முக்கியம். கூடுதல் கணிதம் கட்டாயமில்லை. ராயுவான் (மேல்முறையீட்டு) தேதி சீக்கிரம் முடிந்துவிடும், இன்றைக்கே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. டிப்ளோமா முடித்துப் பட்டத்துக்குப் போகும்போது ‘பொறியியல்’, ‘பொறியியல் தொழில்நுட்பம்’ இரண்டும் ஒன்றல்ல. பின்னாளில் பெயருக்கு முன் தொழில்முறைப் பொறியாளருக்கான ‘ஈர்.’ போட ஆசை என்றால் பொறியியல் அங்கீகார மன்றமான இ.ஏ.சி.யின் அங்கீகாரம் பெற்ற முதல் வகைப் பட்டம் வேண்டும். சேரும் முன்பே மலேசியப் பொறியாளர் வாரியத்தின் பட்டியலில் தேடிப் பார்க்கவும்.

இயந்திரவியல் என்றால் ஸ்பேனர் பிடிக்கும் வேலைதான் என்ற அம்மாவின் பயம்? செம்பனை ஆலையில் பாய்லர் அழுத்தத்துக்கும் டர்பைனுக்கும் கணக்குப் போடுவதும் இயந்திரவியல்தான். ஸ்பேனர் பிடிப்பது அதில் கொஞ்சம்தான்.